அட்லாண்டிக் பாய்மரப் பேரணி

ஏ.ஆர்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அட்லாண்டிக் பாய்மரப் பேரணி, ஸ்பெயினின் கேனரித் தீவுகளிலிருந்து கரீபியத் தீவான செயின்ட் லூசியா வரை ஆண்டுதோறும் நடைபெறும் கடற்பயணம். சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பத்தினரும் நண்பர்களும் ஒரே காலத்தில், ஒருவருக்கொருவர் துணையாகப் பெருங்கடலைக் கடக்க இது வழிசெய்கிறது. தூரம் ஏறத்தாழ 2,700 கடல் மைல். பெரும்பாலான படகுகள் 18 முதல் 21 நாட்களில் கரைசேர்கின்றன. வெற்றியாளர்களுக்குப் பரிசுகள் உண்டு. ஆனாலும் பங்கேற்போரில் பெரும்பாலோர் வேண்டுவது, படகும் ஆட்களும் பழுதின்றி முடிவுக் கோட்டைத் தாண்டுவதைத்தான்.

வரலாறு

ருமேனியாவில் பிறந்து, லண்டனில் பி.பி.சி. உலக சேவையில் பணியாற்றிய கடலோடி ஜிம்மி கார்னெல் இந்தப் பேரணியைத் தொடங்கினார். 1986இல் நடந்த முதல் பேரணியில் 24 நாடுகளைச் சேர்ந்த 204 படகுகள் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து பார்படோஸ் தீவை நோக்கிப் புறப்பட்டன. 1990 முதல் பயணம் செயின்ட் லூசியாவின் ராட்னி விரிகுடாவில் முடிகிறது. கேப் வெர்டி தீவுகளின் மிண்டெலோ துறைமுகத்தில் தங்கிச் செல்லும் ஏ.ஆர்.சி. பிளஸ் என்ற தனிப் பேரணி 2013இல் ஏற்பட்டது. இவற்றை வேர்ல்ட் குரூசிங் கிளப் நடத்துகிறது. 2016இல் ராம்ப்ளர் 88 என்ற பந்தயப் படகு எட்டரை நாளுக்குள் கடந்து சாதனை படைத்தது.

காலமும் பாதையும்

பேரணி நவம்பர் பிற்பகுதியில் புறப்படுகிறது. அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் நவம்பர் 30இல் முடிவதாகக் கணக்கு. வடகிழக்கு வியாபாரக் காற்று நிலைபெறுவதும் அந்தச் சமயத்தில்தான். டிசம்பரில் சென்றடைந்தால் கிறிஸ்துமஸை கரீபியனில் கொண்டாடலாம்.

லாஸ் பால்மாஸிலிருந்து நேர் மேற்கே போனால் காற்றில்லாமல் தவிக்க நேரும். எனவே முதலில் கேப் வெர்டி இருக்கும் தென்மேற்குத் திசையில் இறங்கி, வியாபாரக் காற்று கிடைத்ததும் மேற்கே திரும்புகிறார்கள். வெண்ணெய் உருகும் வரை தெற்கே போய்ப் பிறகு மேற்கே திரும்ப வேண்டும் என்று பழைய மாலுமிகள் சொல்வார்கள். 1492இல் கொலம்பஸும் கேனரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவிலிருந்தே மேற்கே புறப்பட்டார்.

சிறு குழுவின் நடைமுறை

தனி ஆளாக வருவதற்கு அனுமதியில்லை. குறைந்தது இருவர் வேண்டும். கணவன் மனைவி மட்டுமே செல்லும் படகுகளும் உண்டு. பெரிய குழுவுக்கு ஆள்பலம் இருக்கிறது. சிறு குழுவுக்கு இருப்பது தூக்கமும் முன்யோசனையும்தான்.

நால்வர் இருந்தால் ஒருவர் மூன்று மணி நேரம் காவல் இருந்து ஒன்பது மணி நேரம் ஓய்வெடுக்கலாம். இருவர் மட்டும் என்றால் மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். டிசம்பரில் இந்தப் பாதையில் இரவு 12 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. ஆகவே சுக்கானை ஆட்டோபைலட்டோ, காற்றின் திசையை உணர்ந்து தானே திருப்பும் கருவியோ பார்த்துக்கொள்கிறது. அது பழுதானால் இருவரும் மாறி மாறிச் சுக்கானைப் பிடித்தே தீர வேண்டும்; உடல் விரைவில் தளர்ந்துவிடும். அனுபவசாலிகள் மாற்றுக் கருவியும் உதிரிப்பாகமும் எடுத்துச் செல்வது இதனால்தான்.

பொழுது சாயும் முன்பே பாயைச் சுருக்கிவிடுவது நல்ல வழக்கம். இருட்டில் திடீரென மழையோடு சூறைக்காற்று இறங்கினால், உறங்குபவரை எழுப்பாமலேயே காவலில் இருப்பவர் சமாளிக்கலாம். அதனால் சில மைல்கள் குறையும். ஆனால் மறுநாளைக்குத் தெம்பு மிஞ்சும்.

அடுத்த எதிரி தேய்மானம். காற்று வாரக்கணக்கில் பின்னாலிருந்தே வீசுவதால் படகு இடமும் வலமுமாக ஓயாமல் உருளும். பாயை ஏற்றும் கயிறு பாய்மர உச்சியின் கப்பியில் ஒரே இடத்தில் உராய்ந்துகொண்டே இருக்கும். கீழிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மேலே உறை கிழிந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு நள்ளிரவில் பாய் கடலில் விழும். நாள்தோறும் கயிற்றை ஓரிரு விரற்கடை இளக்கியோ இழுத்தோ உராயும் இடத்தை மாற்றினால் இதைத் தவிர்க்கலாம். காலையில் தளத்தில் விழுந்து கிடக்கும் கோலா மீன்களை அப்புறப்படுத்தும்போதே கயிறு, திருகு, முளை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறார்கள்.

பாதுகாப்பு

உயிர்காப்பு மிதவைப்படகு, ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் கருவி, ஒளிவிளக்குடன் கூடிய மிதவை அங்கி முதலியவை கட்டாயம். புறப்படும் முன் ஆய்வாளர்கள் ஒவ்வொரு படகிலும் ஏறிச் சோதிக்கிறார்கள். படகுகளில் பொருத்தப்படும் கருவி அவை இருக்கும் இடத்தைத் தொடர்ந்து அனுப்புவதால், வீட்டிலிருப்போர் பயணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு படகு இடரில் சிக்கினால், அருகிலுள்ள பேரணிப் படகு முதல் உதவியாக விரைகிறது. இயந்திரத்தை ஓட்டிய நேரத்தை உல்லாசப் படகுகள் தாமே அறிவிக்க வேண்டும். அதற்கேற்ப முடிவு நேரம் கூட்டப்படும். நேர்மையை நம்பி நடக்கும் இந்த ஏற்பாடு பேரணியின் சிறப்புகளுள் ஒன்று.

முடிவுக் கோடு

செயின்ட் லூசியாவின் வடமுனையைச் சுற்றி வரும் படகு, பிஜன் தீவைக் கடந்து ராட்னி விரிகுடாவுக்குள் திரும்புகிறது. தீவு எனப் பெயர் இருந்தாலும், 1970களில் கட்டிய கரைப்பாலத்தால் இன்று அது நிலத்தோடு இணைந்தே இருக்கிறது. கடினமான வேலை இங்கேதான். வாரக்கணக்கில் பின்னாலிருந்து வீசிய காற்று இப்போது எதிரே வரும். சோர்ந்த இரண்டு பேர் பாயை இறுக்கி, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து கோட்டை நோக்கி ஏற வேண்டும். மலைச்சரிவுகளிலிருந்து திடுமெனக் கீழிறங்கும் காற்று படகைச் சாய்க்கும். நள்ளிரவில் வந்தாலும் ரேடியோவில் அழைத்தால் குழுவினர் பதில் தந்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

துறையில் ரம் பஞ்ச்சும் பழக்கூடையும் தந்து வரவேற்பது வழக்கம். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. பின்னர் மஞ்சள் கொடி ஏற்றி, சுங்க, குடியேற்ற நடைமுறைகளை முடிக்க வேண்டும். வசந்தத்தில் ஐரோப்பாவுக்குத் திரும்பும் படகுகள் மேற்குக் காற்றைத் தேடி வடக்கே ஏறி, அசோர்ஸ் தீவுகள் வழியாகச் செல்கின்றன. அங்கே வானிலை கடுமை கூடியது. ஆனால் முதல் கடப்பில் தூக்கத்தையும் கயிற்றையும் காத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கமே பெரிய முதல்.