உப்பு வண்டியின் சேம அச்சு

போன மாதம் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு வந்தார். மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டுகிறவர். வயது 52. ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. மருத்துவச் சான்று வாங்குவது அவர் வேலை. காலையில் போனவர் பத்தே நிமிஷத்தில் படிவம் 1-ஏ-வில் கையெழுத்தும் முத்திரையுமாகத் திரும்பிவிட்டார். "டாக்டர் நிமிர்ந்துகூடப் பாக்கல தம்பி, பேர் கேட்டாரு, கண்ணு தெரியுதான்னாரு, அவ்ளோதான்."

அண்ணி அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "ராத்திரி தூங்கும்போது இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது தம்பி. நான் உலுக்கி எழுப்புறேன். அத எழுத இதுல இடமே இல்லயா?"

இல்லை. நான் வரி வரியாகப் பார்த்துவிட்டேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் காதில் விழுமா, கை கால் ஊனம் உண்டா. விரும்பினால் ரத்த வகை எழுதலாம். ஓட்டுநரே உறுதிமொழி கொடுக்கும் படிவம் 1-இல் வலிப்பு, மயக்கம், தலைசுற்றல் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. கடைசியில் 'பொதுமக்களுக்கு ஆபத்தாகக்கூடிய வேறு நோய் ஏதும் உண்டா' என்று பொத்தாம்பொதுவாக ஒன்று. தூக்கம் என்ற சொல் எங்கும் கிடையாது. விழித்திருக்கும் மனிதனைப் பற்றி மட்டுமே கேட்கிற படிவம் அது.

அண்ணியின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன். ரொம்பப் பின்னால் போக வேண்டியதாகிவிட்டது.

மரக்காணத்தைச் சங்க கால எயிற்பட்டினம் என்று ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காண்கிறார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வருகிற நெய்தல் நிலத்து ஊர். இந்தக் கரையில் எப்போதிலிருந்து உப்பு விளைகிறதோ, அப்போதிலிருந்தே அதை உள்நாட்டுக்கு ஏற்றிப்போக ஆள் வேண்டியிருந்திருக்கும். சங்கப் பாடல்களில் அவர்களுக்கு உமணர் என்று பெயர். குடும்பத்தோடு, மாட்டு வண்டி வரிசையாக, மேடு பள்ளம் பாராமல் போகிறவர்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் ஒரு தலைவனைப் புகழ உமணர் வண்டியைத்தான் உவமையாக எடுக்கிறார்: வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் அடியிலேயே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். சேம அச்சு. இன்றைய ஸ்டெப்னியின் பாட்டன்.

அச்சுக்கு மாற்று வைத்திருந்தவர்கள், ஓட்டுகிறவனுக்கு மாற்று வைத்திருந்தார்களா? தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். வண்டிக்காரர் மூட்டைமேல் சாய்ந்து தூங்கினாலும் மாடு தூங்காது. பழகின தடத்திலேயே போகும், பள்ளம் வந்தால் நிற்கும். எங்கள் தாத்தா திண்டிவனம் சந்தையிலிருந்து அப்படித்தான் வீடு வந்து சேருவார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டு வாசலில் மாடு நின்றதும்தான் அவருக்கு விழிப்பு வருமாம்.

அடுத்து படகு. ஆந்திரத்தின் காக்கிநாடா பக்கமிருந்து சென்னை வழியாக வருகிற பக்கிங்காம் கால்வாய்த் தொடரின் தெற்கு முனை மரக்காணம்தான். 1806-இல் சென்னைக்கு வடக்கே காக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தபோது அன்றைய கவர்னர் பெயரைப் பெற்றது. இந்தக் கரையின் உப்பும் விறகும் அதில்தான் சென்னைக்குப் போயின. கழி ஊன்றியும், பாய் விரித்தும், கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தும் போகிற படகு. அதில் தூங்கிப் போனால் படகு கரையில் முட்டி நிற்கும், திட்டு விழும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஆகாது.

லாரி வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மூன்று வினாடியில் 50 மீட்டர் தாண்டும். கண் ஒரு முறை சொக்குவதற்கு அந்த மூன்று வினாடி போதும். மாட்டுக்கு இருந்த புத்தி இன்ஜினுக்குக் கிடையாது.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே, சரக்கு, பயணி வண்டி ஓட்டுகிறவருக்கு மருத்துவச் சான்று கேட்டிருக்கிறார்கள். அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு வேலை நேரத்துக்கும் வரம்பு போட்டது: தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு கட்டாயம். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேருக்கு மேற்பட்டோ ஐந்து பேரோ வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. நம் ஊரில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கிற முதலாளிகள்தானே அதிகம்? அங்கே ஓட்டுகிறவருக்கு நேரம் கிடையாது, ட்ரிப்தான் உண்டு. ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா.

இதில் நான் எதிர்பாராத ஒன்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் கிடைத்தது. நேஷனல் பெர்மிட் லாரிக்கான நிபந்தனைகளைச் சொல்லும் 90-ஆம் விதி, வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரு இருக்கை இருக்க வேண்டும், மாற்று டிரைவர் அதில் உடம்பை நீட்டிப் படுத்துத் தூங்க வசதியாக என்று காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். உமணர் அச்சுக்குச் செய்ததை ஆளுக்குச் செய்யச் சொன்ன விதி!

நடைமுறையில் இது எவ்வளவு இருந்தது என்று டிரைவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். இரண்டாவது ஆள் பெரும்பாலும் கிளீனர் பையன்தான். டிரைவரோடு பேசிக்கொண்டே வருவது அவனுடைய முக்கியமான வேலை. 2018 நவம்பரில் இரண்டு டிரைவர் நிபந்தனையை அரசு நீக்கிவிட்டது. யாரும் கடைப்பிடிக்காத விதி, டிரைவருக்கே தட்டுப்பாடு என்றெல்லாம் அதற்கு நியாயம் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கடைப்பிடிக்காத விதியை எடுத்தபோது அதன் இடத்தில் வேறொன்றை வைத்திருக்கலாம். 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுநர்களுக்கும் நேரக் கணக்கு வேண்டும், தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி வண்டியில் வேண்டும் என்று பேசினார். மாற்று ஆளை இறக்கிவிட்ட மூன்றாவது வருஷம்.

சரி, அண்ணனுக்கு இருப்பது வெறும் தூக்கக் கடன் இல்லை. அதுதான் அண்ணி சொன்னதன் சாரம். உப்பு ஓய்ந்த ஐப்பசி மழையில், வேலையே இல்லாமல் ராத்திரி எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அவர் பகலில் திண்ணையில் உட்கார்ந்தபடியே சாய்கிறார்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாய் அடைபடுகிறது. பத்து வினாடி, இருபது வினாடி, சில சமயம் அதற்கும் மேல் மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. கடுமையானவர்களுக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஒரு நோய்க்கு நோயாளியை விட அவர் மனைவி நல்ல சாட்சி என்பது மருத்துவத்தில் அபூர்வம்தான்.

1936-37 அல்ல, அதற்கும் நூறு வருஷம் முன்னால், 1836-37-இல் சார்லஸ் டிக்கன்ஸ் தன் முதல் நாவலில் நின்ற இடத்திலேயே தூங்கிக் குறட்டைவிடும் ஜோ என்ற குண்டுப் பையனைச் சிரிப்புக்காகப் படைத்தார். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் அந்த நாவலின் பெயரையே ஒரு நோய்க்கு வைத்தார்கள். ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்பதுதான் விஷயம் என்று பிரான்சிலும் ஜெர்மனியிலும் கருவி வைத்துக் கண்டது 1965-இல். 'ஸ்லீப் ஆப்னியா' நோய்க்குறி என்ற பெயரை ஸ்டான்ஃபோர்டில் கில்லமினோ குழுவினர் நிலைநாட்டியது 1976-இல். சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவியை வெளியிட்டது 1981-இல்.

ஆக, 1939-இல் சட்டம் எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்தில் இந்த நோய்க்குப் பெயரே இல்லை. 1989 விதிகளை எழுதியபோது பெயரும் இருந்தது, சிகிச்சையும் இருந்தது.

மற்ற நாடுகள் மட்டும் தாமாக விழித்துக்கொண்டனவா என்றால், இல்லை. 2003 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில், ஏறத்தாழ 800 பயணிகளோடு போன ஷின்கான்சென் ரயிலின் ஓட்டுநர் எட்டு நிமிஷம் போலத் தூங்கிவிட்டார். தானியங்கிக் கட்டுப்பாடு ரயிலை ஒகயாமா நிலையத்தில் நிறுத்தியது. யாருக்கும் காயமில்லை. சோதித்தபோது அவருக்கு ஸ்லீப் ஆப்னியா. அதற்குப் பிறகுதான் அங்கே ஓட்டுநர்களின் தூக்கத்தைச் சோதிப்பது பெரிய பேச்சானது.

அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கை. சரக்கு லாரி ஓட்டுநர்களில் 28 சதவீதம் பேருக்கு லேசானது முதல் கடுமையானது வரை ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு 2002-இலேயே சொல்லிவிட்டது. உடல் எடைக் குறியீடு இவ்வளவுக்கு மேல் போனால் தூக்கச் சோதனைக்கு அனுப்பலாம் என்று ஆலோசனைக் குழுக்கள் பரிந்துரைத்தன. லாரித் தரப்பு எதிர்த்தது: சோதனைச் செலவு யார் தலையில்? 2013 அக்டோபரில், முறைப்படி விதி இயற்றித்தான் இதைச் செய்யலாம், வெறும் வழிகாட்டுதலாகச் செய்யக் கூடாது என்று சட்டமே வந்தது. 2016-இல் விதி இயற்ற முதல் அடி வைத்தார்கள். 2017 ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நடுவில் 2016-இல் ஷ்னைடர் என்ற பெரிய லாரி நிறுவனத்தின் ஓட்டுநர்களை வைத்து வந்த ஆய்வு, நோய் இருந்தும் சிகிச்சையைப் பின்பற்றாதவர்களிடம் தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகள் ஐந்து மடங்கு என்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2014-இல் வந்த ஆணைப்படி, நடுத்தர, கடும் ஸ்லீப் ஆப்னியா இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் லைசென்ஸுக்கு முன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நோய் கட்டுக்குள் இருக்கிறது, சிகிச்சையை ஒழுங்காக எடுக்கிறார் என்று காட்டினால் ஓட்டலாம். கனரக வண்டிக்காரர் குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்கு வர வேண்டும். 'இருக்கிறதா, போ வீட்டுக்கு' என்பதல்ல அது.

நம் ஆட்கள் ஒல்லி, இதெல்லாம் குண்டானவர்கள் நோய் என்று நினைக்க வேண்டாம். 2004-இல் வெளியான மும்பை ஆய்வில், 35 முதல் 65 வயது ஆண்களில் 7.5 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய ஸ்லீப் ஆப்னியா கண்டார்கள். தாடை, தொண்டை அமைப்பும் காரணமாகலாம். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் முறைக்கு 'மல்லம்பட்டி' என்றே பெயர், ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் வேலை செய்த மயக்க மருந்து மருத்துவர் சேஷகிரி மல்லம்பட்டி 1985-இல் எழுதியது. அமெரிக்க அளவுகோலை அப்படியே தூக்கிவந்து எடையை மட்டும் பார்த்தால் உப்பளத்து லாரிக்காரர் ஒருத்தரும் மாட்ட மாட்டார்.

டொரண்டோவில் இன்னொரு மயக்க மருந்து மருத்துவர், பிரான்சிஸ் சங், 2008-இல் எளிமையான ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார். எட்டே கேள்வி. அன்றைக்கே திண்ணையில் அண்ணனை உட்கார வைத்துக் கேட்டோம். குறட்டை உண்டா, பகல் அசதி உண்டா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் உண்டா, எடை அதிகமா, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. கழுத்தை அண்ணி தையல் டேப்பால் அளந்தார்: 41. எட்டில் எடை ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆமாம். ஐந்தைத் தொட்டாலே ஆபத்து அதிகம் என்ற கட்டத்தில் சேர்ப்பார்கள்.

"இதுக்கு டெஸ்ட் எடுத்து, இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா லைசென்ஸ் போயிடுமா தம்பி?" என்றார்.

1988 சட்டத்தின் 16-ஆம் பிரிவை அவருக்குச் சொன்னேன். ஓட்டத் தகுதியில்லாத அளவுக்கு நோய் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் உரிமத்தை ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. சிகிச்சை எடுத்தால் ஓட்டலாம் என்று ஸ்லீப் ஆப்னியாவுக்கென்று தனியாக ஒரு வரி நம் படிவத்தில் இல்லை. பொய் சொல்கிறவனுக்கு ஐந்து வருஷம் லைசென்ஸ், உண்மை சொல்கிறவனுக்கு விசாரணை. இந்த நிலைமையில் படிவத்தில் குறட்டைக் கேள்வியை மட்டும் சேர்த்தால் எல்லா டிரைவரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன். அண்ணியைக் கேட்டால் வேறு பதில் வரும். ஆனால் படிவத்தில் அவருக்குக் கையெழுத்துக்கு இடமில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் விடியற்காலை வாணியம்பாடிக்கு லோடு. தோல் பதனிட உப்பு. கூடப் போக வேண்டிய பையன் வரவில்லை என்று போன் வந்தது.

"நான் வரேன் வண்டியில," என்றார் அண்ணி. "பேசிக்கிட்டே வரேன்."

அவர் சிரித்தார். ஆனால் மூன்று மணிக்கு லாரி கிளம்பியபோது அண்ணி ஏறிக்கொண்டார். போய் வந்த பிறகு சோதனைக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். புதுச்சேரியில் தேதி வாங்கியிருக்கிறோம், அடுத்த புதன்கிழமை ராத்திரி. எந்த வண்டி ஓட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இதுவரை மூன்று முறை போன் பண்ணிக் கேட்டுவிட்டார்.