நான்காவது பிரிவு

1897 பிப்ரவரியில், பம்பாய் பிளேக்கை முன்னிட்டு நிறைவேறிய கொள்ளைநோய்ச் சட்டத்திற்கு நான்கே பிரிவுகள். மூன்றாவது, கீழ்ப்படியாதவனுக்குத் தண்டனை. நான்காவது, நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரிமீது வழக்குத் தொடர முடியாது. நோயாளிக்கு அரசு என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி இல்லை.

அவ்வருஷமே பூனாவில் பட்டாளத்தார் வீடு வீடாக நுழைந்து சோதனை போட்டார்கள். ஜூன் 22 இரவு, பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகருக்கு 18 மாதச் சிறை. அன்றைய அரசு இதை ராஜத்துரோகம் என்றது. நம் பாடப்புத்தகம் தேசபக்தி என்றது. வாசல் மிதிக்கப்பட்டவனின் கோபம் இரண்டிலும் விடுபட்டுப்போயிற்று.

2020 மார்ச்சில் தமிழக அரசு கையிலெடுத்ததும் இதே சட்டம்தான். மே மாதம் பரங்கிப்பேட்டையில், வங்கிக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து அந்தக் கோபத்தை நானே பார்த்தேன். ஜன்தன் கணக்கில் வந்த 500 ரூபாய்க்காகப் பெண்கள் சுண்ணாம்பு வட்டங்களில் வெயிலில் நின்றார்கள். யாரும் நோயைத் திட்டவில்லை. "கோயம்பேட்டை அப்பவே மூடியிருக்கணும். இப்ப, மூட்டை தூக்கப் போன எம் மவன்தான் கொண்டாந்தான்னு சொல்றாங்க" என்றாள் ஒருத்தி.

ஜூனில் சாத்தான்குளம். கடையை நேரங்கடந்து திறந்திருந்ததாகப் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மகன் இறந்ததும் ஜூன் 22. தேதிப் பொருத்தத்தில் அர்த்தம் எதுவுமில்லை. ஜனங்களைச் சந்தேகித்து அதிகாரியை நம்பும் மனோபாவம் 123 வருஷம் பிழைத்திருந்ததில் இருக்கிறது.

2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மருத்துவ ஊழியரைத் தாக்கினால் கடும் தண்டனை என்று சேர்த்தார்கள், அது நியாயமே. வட்டத்தில் நின்றவளுக்கான வரியை இன்னும் யாரும் எழுதவில்லை.