வேலியும் வேடமும்

அந்தரங்கம் என்பது கணினியும் இணையமும் தோன்றிய பின்னர் எழுந்த கவலை என்று கருதுவோர் உளர். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்துவரும் மக்களின் வரலாற்றை நோக்குவோமாயின், அக்கவலை மிகப் பழையது என்பதும், அந்தரங்கம் காக்கப்படாத காலங்களில் நேர்ந்த தீங்கு பெரிது என்பதும் புலனாகும்.

இவ்வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழும் திசையில் உள்ளது எழுவான்கரை. படும் திசையில் உள்ளது படுவான்கரை. இங்குள்ள ஊர்களில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்மக்களுக்கே சீதனமாகச் சேர்வன. முன்னாளில் வளவைச் சூழக் கிடுகு வேலியும், அதன் வாயிலிற் படலையும் இருந்தன. வருபவர் படலையில் நின்று குரல் கொடுப்பார்; உள்ளிருந்து மறுமொழி வந்த பின்னரே அடியெடுத்து வைப்பார். கிடுகு எளிதிற் பிரிக்கத்தக்கது. திருடனைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. எனினும் அது ஓர் எல்லையைக் குறித்தது. அவ்வெல்லையை ஊரார் மதித்தனர்.

தாய்வழி வரும் குடிமுறையும் இத்தகையதே. ஒருவர் இன்ன குடியினர் என்பது கோயில் திருவிழாவிலும் திருமணப் பேச்சிலும் வெளிப்படையாகக் கூறப்படும். சந்தையில் மீன் வாங்க வந்தவரிடம் அதனை வினவுவார் இலர். அந்தரங்கமாவது ஒருவராலும் அறியப்படாதிருத்தல் அன்று. எதனை, எவர், எவ்விடத்தில் அறியலாம் என்னும் வரம்பைப் பேணுதலே அந்தரங்கம்.

வேடம் புனைதலும் இம்மக்களுக்குப் புதியதன்று. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளிலும் உழவரும் மீனவரும் அரசராகவும் அரக்கராகவும் களரியில் ஆடினர். வேடத்தின் உள்ளே இருப்பவர் யார் என்பதை ஊர் முழுதும் அறியும். விடிந்ததும் அவர் வேடத்தைக் களைந்துவிட்டு வயலுக்குச் செல்வார். இரவு முழுதும் அவர் எத்தனை அடி வைத்தார், எவரை நோக்கிச் சிரித்தார் என்று கணக்கெழுதி வைத்தவர் எவருமிலர்.

கணக்கெழுதும் வழக்கம் அரசுகளோடு வந்தது. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் இலங்கையின் கரையோரப் பகுதிகளிற் குடும்பங்களையும் நிலங்களையும் தோம்பு என்னும் ஏடுகளிற் பதிந்தனர். ஆங்கிலேயர் 1871இல் நாடு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பை எடுத்தனர். சுதந்திர இலங்கையில் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968இல் இயற்றப்பட்டு, 1972இலிருந்து அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அவ்வட்டையின் இலக்கத்தையே உற்று நோக்குக. பிறந்த ஆண்டும், அவ்வாண்டில் எத்தனையாம் நாள் என்பதும் அதனுள் அடங்கியுள்ளன. பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்பெறும். எனவே இலக்கத்தை மட்டும் அறிந்தவரும் ஒருவரின் பிறந்த நாளையும் பாலையும் அறிந்தவராவர்.

பதிவேடுகளால் விளையும் நன்மை பலவாகும். பாடசாலையும் மருத்துவமனையும் பங்கீடும் அவையின்றி நடைபெறா. ஆயின் காலம் திரியும்போது ஏடும் திரியும். போர்க் காலத்தில் வாவியைக் கடந்தோர் சோதனைச் சாவடிகளில் அட்டையைக் காட்டியே கடந்தனர். சுற்றிவளைப்புகளின்போது மக்கள் வரிசையாக நிறுத்தப்பட்டனர். முகத்தை மறைத்த ஒருவர் அவர்களைப் பார்த்துத் தலையசைப்பார். அவரைத் ‘தலையாட்டி’ என்று மக்கள் அழைத்தனர். அத்தலையசைப்பே ஒருவரின் விதியாயிற்று. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் 1990 செப்டெம்பர் 5 அன்று படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. பார்ப்பவன் முகம் மறைந்தும் பார்க்கப்படுபவன் முகம் திறந்தும் இருக்கும் நிலையே அனைத்தினும் கொடிது என்பதை இக்கரையார் இவ்வாறு கற்றனர்.

இனி நம் காலத்து மெய்நிகர் உலகங்களுக்கு வருவோம். கணினித் திரையினுள் அமைந்த கற்பனை ஊரில் ஒவ்வொருவரும் ஓர் உருவம் பூண்டு உலாவுகின்றனர். 1986இல் அமெரிக்காவில் லூக்காஸ்பிலிம் நிறுவனத்தார் சோதனைக்கு விட்ட ‘ஹபிட்டாட்’ என்னும் உலகில் அவ்வுருவத்திற்கு ‘அவதார்’ என்று பெயரிட்டனர். நம் புராணங்களின் அவதாரம் என்னும் சொல்லே அது. 2003இல் லிண்டன் லாப் நிறுவனத்தார் ‘செக்கண்ட் லைப்’ என்னும் உலகைத் திறந்தனர். அங்கே குடிபுகுந்தோர் புதிய பெயர் தாங்கினர். தம்மை எவரும் அறியார் என்று நம்பினர். 2006 செப்டெம்பரில் அந்நிறுவனத்தின் தரவுக் களஞ்சியத்தினுள் அயலார் புகுந்தனர். அங்கே மெய்ப்பெயர்களும் முகவரிகளும் மறையீடு செய்யப்படாமலே இருந்தன. ஏறத்தாழ 6,50,000 பேர் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதாயிற்று. அயலவர்க்கு மறைந்த முகம் களரியின் சொந்தக்காரருக்கு மறையவில்லை.

பெயரை மறைத்தாலும் உடல் காட்டிக்கொடுக்கும். தலையில் அணியும் கருவி நம் தலையும் கையும் அசையும் விதத்தை இடையறாது அளக்கின்றது. 2020இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், 511 பேரிடமிருந்து பெற்ற ஐந்து நிமிடத்திற்கும் குறைந்த அசைவுப் பதிவுகளைக் கொண்டு, நூற்றுக்கு 95 பேரைச் சரியாக இனங்கண்டனர். 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், 55,000க்கு மேற்பட்டோருள் ஒருவரை 100 விநாடி அசைவைக் கொண்டு நூற்றுக்கு 94 முறை கண்டறிய முடிந்தது. நடையைக் கண்டே இன்னார் என்று கூறும் கிராமத்து முதியவரின் திறம் இன்று இயந்திரத்திற்கு வாய்த்துள்ளது. பேச்சும் அவ்வாறே. ‘மறுகா’ என்று ஒரு முறை சொன்னாற் போதும். பேசுபவர் மட்டக்களப்பார் என்று கேட்பவர் அறிவார். அதனோடு பாடசாலைச் சீருடையும் ஊர்க்கோயிற் திருவிழா நாளும் சேருமாயின், சிறிய ஊரில் ஒரு பிள்ளையின் வீட்டுப் படலையைக் கண்டடைவது அரிதன்று.

சட்டமும் மெல்ல விழித்துள்ளது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கென இயற்றப்பட்டது. ஆயினும் சட்டம் வந்து சேருமுன் தீங்கு வந்து சேரலாம். ஆதலால் ஒவ்வொருவரும் தம் வேலியைத் தாமே அடைத்தல் வேண்டும்.

மெய்நிகர் உலகிற் புகுவோர் மெய்ப்பெயரையும் பிறந்த ஆண்டையும் புனைபெயரிற் சேர்த்தல் கூடாது. அதற்கென வேறொரு மின்னஞ்சல் முகவரியும், வேறெங்கும் வழங்காத நீண்ட கடவுச்சொல்லும், இரட்டைச் சரிபார்ப்பும் கொள்ளல் நன்று. இருப்பிடம், ஒலிவாங்கி, தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியல் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கப்படும்போது, விளையாட்டிற்கு அவை தேவைதானா என்று எண்ணிப் பார்த்து, தேவையற்றவற்றை மறுக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையும், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணையும் அங்கே அறிமுகமாகும் எவருக்கும் ஈதல் ஆகாது. பயன்படுத்தாத கணக்கை வாளா விட்டுவிடாது நீக்கிவிடுக. பிள்ளைகளை அச்சுறுத்தித் தடுப்பதிலும், அங்கே எவரேனும் தனியே அழைத்தால் வந்து கூறும் துணிவை அவர்களுக்கு அளிப்பதே சிறந்தது.

வேடம் தரித்தல் தவறன்று. அது நம் களரியில் வளர்ந்த கலை. ஆயின் வேடம் வேலியாகாது. கூத்தாடுபவர் பொழுது விடிந்ததும் தம் உடுப்பைத் தாமே களைந்தார். மெய்நிகர் உலகில் உடுப்பும் பிறருடையது, களரியும் பிறருடையது, கணக்கேடும் பிறருடையது. அவ்வேட்டில் நம்மைப்பற்றி எழுதப்படுவதைக் குறைத்துக்கொள்வதே நம் கையிலுள்ள காவல். ஏட்டில் ஏறாத செய்தியை எக்காலத்துத் தலையாட்டியும் காட்டிக்கொடுக்க இயலாது.