சந்தவாசல்: ஊர்ப்பெயர் வரலாறு

சந்தவாசல், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில் சவ்வாது மலையின் கிழக்கு அடிவாரப் பகுதியில் உள்ள ஊர். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்வோர் இவ்வூரைக் கடந்து செல்வர். பெயரைக் கேட்டதும் பலருக்கு எழும் கேள்வி, எதற்கு வாசல் என்பதே.

'சந்தைவாசல்' என்பது சந்தவாசல் ஆயிற்று என்பது வழக்கமான விளக்கம். சந்தையின் வாசலா, சந்தை கூடிய வாசலா என்று கேட்டால், இரண்டாவதே பொருந்தும். சந்தவாசலிலிருந்து மலையடிவாரம் நோக்கித் திரும்பும் சாலை படவேட்டுக்குச் செல்கிறது. இன்று ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படும் இச்சிற்றூர் ஒரு காலத்தில் தலைநகரம். சோழர் ஆட்சி தளர்ந்தபின் தொண்டை மண்டலத்தில் தலைதூக்கிய சம்புவராயர்கள் இங்கிருந்து ஆண்டனர். அவர்களது கோட்டை அமைந்த மலைக்கு இராசகம்பீரன் மலை என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் இவர்களை வென்றார். கம்பணரின் மனைவி கங்காதேவி வடமொழியில் பாடிய 'மதுரா விசயம்' இந்த வெற்றியைக் கூறுகிறது.

தலைநகர் வீழ்ந்தாலும் அதன் பெயர் மறையவில்லை. விசயநகர ஆட்சியில் இப்பகுதி முழுவதும் 'படைவீட்டு இராச்சியம்' என்றே வழங்கியது. வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் கோயிலில் 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பெண்ணுக்குப் பொன் வாங்கி மணம் முடிப்பதில்லை, கன்னிகாதானமாகவே கொடுப்பது என்று படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் என நான்கு பிரிவினரும் அதில் சேர்ந்திருந்தனர். பல மொழியினர் வாழ்ந்த பெரிய நாடு என்பது இதனால் விளங்கும். இத்தகைய நகரின் வழியில் சந்தை கூடியதில் வியப்பில்லை.

படைவீடு என்றால் படை தங்கும் பாசறை. முருகனின் ஆறு படைவீடுகளிலும் இதே சொல்தான். அது பேச்சில் 'படவேடு' எனத் திரிந்தது. வேடர்களோடு சேர்த்துப் பொருள் சொல்லத் தேவையில்லை. சந்தவாசலுக்கும் இங்கேதான் சான்று கிடைக்கிறது. சொல்லில் வரும் ஐகாரம் குறுகி ஒலிப்பதை இலக்கணம் ஐகாரக் குறுக்கம் என்கிறது. பேச்சில் அது அகரமாகவே தேய்ந்துவிடும். வாழைமரத்தை 'வாழமரம்' என்பதும், தலையணையைத் 'தலகாணி' என்பதும் இப்படித்தான். படை 'பட' ஆனது போலவே பக்கத்து ஊரில் சந்தை 'சந்த' ஆயிற்று.

வாயில் என்பது வாசல் ஆனதும் புதிதன்று. சங்க இலக்கியத்தில் வரும் குடவாயில் இன்று குடவாசல். சீர்காழிப் பக்கத்துத் திருமுல்லைவாயிலைத் திருமுல்லைவாசல் என்றே மக்கள் அழைக்கின்றனர்.

இன்னொரு விளக்கத்துக்கும் இடம் உண்டு. சவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர் பெற்றது. 'சந்தம்' என்ற சொல்லுக்குச் சந்தன மரம் என்ற பொருளும் உண்டு. ஆகவே சந்தனக் காட்டின் வாசல் என்று கொள்ளலாமே எனத் தோன்றும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால் சந்தனம் இம்மலையில் ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. மலையின் மேற்கே உள்ள திருப்பத்தூரில்தான் அரசின் சந்தனக் கிடங்கு பேர் பெற்றது. தலைநகரமோ சந்தவாசலுக்கு அருகிலேயே இருந்தது. எனவே சந்தை விளக்கமே வலுவானது.

வாணிகம் ஊருக்குப் பெயர் தருவது உலகெங்கும் உள்ளதே. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் என்ற பெயருக்கு வணிகர் துறைமுகம் என்று பொருள்.

இப்பகுதி வரலாற்றைத் தேடும் மாணவர்கள் கல்வெட்டுத் தொகுதிகளில் 'படவேடு' என்று தேடி ஏமாற வேண்டாம். 'படைவீடு' என்றும் 'இராசகம்பீரன் மலை' என்றும் தேடினால் செய்திகள் கிடைக்கும்.