மூன்று இடங்களில் கிடக்கும் ஒரு கோவில்

எனக்கு ஊர் கணியம்பாடி. ஒரு பக்கம் ஜவ்வாது மலை. இன்னொரு பக்கம் பஸ் ஏறினால் வேலூர். சின்ன வயதில் வேலூர்க் கோட்டைக்குப் போகும்போதெல்லாம் பாட்டி ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: "இந்தக் கோவில்ல ரொம்ப காலமா சாமியே இல்லடா." அங்குள்ள ஜலகண்டேசுவரர் கோவில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் கிடந்தது. 1981-இல்தான் லிங்கம் திரும்ப உள்ளே வந்தது. அதே கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832-இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. அதனால் இலங்கை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சமாதிதான்.

பிறகு ஒருமுறை திருகோணமலைக்குப் போனேன். ஒரு நாள் சுற்றுலா. காலையில் புறாத்தீவில் ஸ்நார்கெலிங், மதியம் நிலாவெளியில் குளியல், சாயங்காலம் கோட்டையும் கோணேசர் கோவிலும். மூன்றும் வேறு வேறு ஐட்டம் என்று நினைத்துத்தான் பணம் கட்டினேன்.

கிழக்குக் கரையில் ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளியில் படகு ஏறினால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புறாத்தீவு. மாடப்புறாக்கள் தங்குவதால் அந்தப் பெயர். காலனி காலத்தில் இதைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963-இல் சரணாலயம் ஆனது, 2003-இல் தேசியப் பூங்கா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் முதலில் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் பவளப்பாறைகள். மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறா ஒன்று என்னைக் கண்டுகொள்ளாமல் போனது. ஒரு கடலாமையும் வந்தது.

களைப்பில் கால் ஊன்றப் பார்த்தேன். வழிகாட்டி அண்ணன் சட்டென்று கையைப் பிடித்து இழுத்தார். "காலை வைக்காதீங்கோ தம்பி. அது கல்லு இல்ல, உயிர்."

உண்மைதான். பவளம் என்பது மிகச் சிறிய விலங்குகளின் கூட்டம். அவை சுண்ணாம்பைச் சுரந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போகின்றன. உருண்டைப் பவளங்கள் பல, வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். யாரோ கால் வைத்து உடைத்த துண்டுகள் அடியில் வெளுத்துக் கிடந்தன.

சாயங்காலம் கோட்டைக்குப் போனோம். கோட்டைக்குள் இன்றும் ராணுவம் இருக்கிறது. புள்ளிமான்களும் இருக்கின்றன. வாசலில் அண்ணன் நிறுத்தி, "இந்தக் கல்லைப் பாருங்கோ" என்றார். இரண்டு மீன்கள், பாண்டியர் சின்னம். பக்கத்தில் தமிழ் எழுத்து. கோட்டைச் சுவருக்கு இவை எப்படி வந்தன?

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம் திருக்கோணமலை. கடலுக்குள் நீண்ட பாறை முனையில் பெரிய கோவில் இருந்தது. போர்த்துக்கீசியர் அதை ஆயிரங்கால் கோவில் என்றே குறித்தார்கள். 1620-களில் அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அதை இடித்தான். சும்மா இடிக்கவில்லை. அந்தக் கற்களை வைத்தே கோட்டை கட்டினான். மிச்சம் கடலில் விழுந்தது. 1639-இல் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள், 1795-இல் ஆங்கிலேயர். 1803-இல் அது பிரெடரிக் கோட்டை ஆயிற்று. ஆள் மாறினார்கள், பெயர் மாறியது, கல் மாறவில்லை. கோவிலின் ஒரு பங்கு இன்னும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது.

இன்னொரு பங்கு மண்ணுக்குள் போனது. 1950-இல் ஊருக்குள் கிணறு தோண்டும்போது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து யாரோ அவசரமாகப் புதைத்திருக்க வேண்டும். புதைத்தவரின் பெயர் நமக்கு இல்லை. முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்த ரகசியம் மண்ணில் இருந்தது. பழைய இடத்திலேயே மறுபடி கோவில் எழுப்பி, 1963-இல் திறந்தார்கள். புறாத்தீவு சரணாலயமான அதே வருஷம்.

மூன்றாவது பங்கு கடலுக்கடியில். 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறைக்குக் கீழே மூழ்கிப் பார்த்தபோது செதுக்கிய கற்களும் தூண்களும் கண்ணில் பட்டன. அடுத்த வருஷமே கிளார்க் அதைப் புத்தகமாக எழுதினார். விண்வெளிக் கதைகள் எழுதிய ஆள், தண்ணீருக்குள் ஒரு தமிழ்க் கோவிலைப் பார்த்துவிட்டு வந்தார்.

பாறை முனையில் நின்று கீழே பார்த்தேன். பூஜை மணி அடித்தது. கீழே நீலம் மட்டும்தான் தெரிந்தது. காலையில் தண்ணீருக்குள் பார்த்ததும் இதுவும் வேறு வேறு ஐட்டம் என்று இனி என்னால் சொல்ல முடியவில்லை. கோவிலை இடித்தவர்களுக்கு அது சுவர் கட்ட உதவும் கல். பவளத்தின் மேல் கால் வைக்கப் போன எனக்கும் அது வெறும் கல்தான். அவர்களிடம் பீரங்கி இருந்தது, என்னிடம் வாடகைத் துடுப்புக்கால் இருந்தது. அளவில் பெரிய வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்வை ஒன்றுதான். நிறைய பேர் நிறைய நாள் கட்டியதை வெறும் கல்லாகப் பார்ப்பது.

திரும்பும்போது அண்ணனிடம், "இதையெல்லாம் வர்ற எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?" என்று கேட்டேன். "கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுவன்" என்றார்.

ஊருக்கு வந்ததும் வேலூர்க் கோட்டைக்கு ஒருமுறை போய்வந்தேன். இந்தத் தடவை சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் கோட்டைச் சுவரைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.