தானியங்கி டோட்டலைசேட்டர்

தானியங்கி டோட்டலைசேட்டர் என்பது, குதிரைப் பந்தயத் திடலின் பல கவுண்ட்டர்களில் ஒரே வேளையில் விற்கப்படும் சீட்டுகளைக் குதிரைவாரியாகவும் மொத்தமாகவும் உடனுக்குடன் கூட்டிக் காட்டும் பொறியாகும். பேச்சு வழக்கில் இது டோட் எனப்படும். இதற்கு அடிப்படையான பொதுத்தொகை முறையை 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலர் உருவாக்கினார். மூலன் ரூழ் கேளிக்கை அரங்கை நிறுவியவர்களுள் ஒருவரும் அவரே. இம்முறையில் புக்கி எவரும் தம் கைப்பணத்தை வைத்து விகிதம் பேசுவதில்லை. கட்டப்பட்ட பணம் முழுவதும் திரட்டப்பட்டு, நடத்துநரின் கழிவும் வரியும் போக எஞ்சியது, வென்ற குதிரையின்மீது கட்டியவர்களுக்கு அவரவர் தொகைக்கேற்பப் பகிரப்படுகிறது. திரண்டது 10,000 ரூபாய், கழிவு 2,000, வென்ற குதிரையின்மீது விழுந்தது 2,000 எனில், ரூபாய்க்கு நான்கு கிடைக்கும்.

கணக்கு எளிது, ஓட்டம் தொடங்குமுன் கூட்டம் முண்டியடிக்கும் கடைசி நிமிடங்களில் அதைக் கையால் பிழையின்றி முடிப்பதே அரிது. கூட்டலில் நேர்ந்த தவறுகளும், நேரம் கடந்தபின் செருகப்பட்ட சீட்டுகளும் சச்சரவுக்கு இடமளித்தன.

இதற்குத் தீர்வு கண்ட ஜார்ஜ் ஜூலியஸ் (1873–1946) இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் பயின்ற பொறியாளர். ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரின் மகன் என்பது சற்றே வியப்புக்குரியது. வாக்குகளை எண்ணுவதற்கென அவர் வடிவமைத்த பொறியை அரசு ஏற்காததால், அதையே பந்தயத்துக்கு ஏற்ப மாற்றினார். 1913இல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி திடலில் நிறுவப்பட்ட முதல் பொறிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. 30 விற்பனையிடங்களிலிருந்து இழுக்கப்பட்ட கம்பிகளும், மிதிவண்டிச் சங்கிலிகளும், கீழிறங்கும் எடைகளும் அதை இயக்கின. ஜூலியஸின் அமைப்பில் சீட்டு ஒன்று விற்றதும், அக்குதிரைக்குரிய தடைச் சக்கரம், அதாவது ஒருமுறைக்கு ஒரு பல் மட்டுமே நகரவிடும் சக்கரம், ஒரு படி நகரும். ஒன்றையொன்று சுற்றி உருளும் பல்சக்கரத் தொகுதிகள் பல கவுண்ட்டர்களின் நகர்வுகளை ஒரே தண்டின் சுழற்சியாகத் திரட்டியதால், இருவர் ஒரே நொடியில் விற்றாலும் ஒன்றும் விடுபடவில்லை. கூட்டத்தார் பார்க்கும் எண் உருளைகளோ கனமானவை, சட்டெனத் திரும்பாதவை. ஆகவே விரைந்து வரும் கணக்கை இடையில் தேக்கி, உருளைகள் நிதானமாக எட்டிப்பிடிக்கவிடும் அமைப்பும் பின்னர் சேர்க்கப்பட்டது. பலர் ஒரே கணக்கில் உடனிகழ்வாகப் பதிவிடும் இன்றைய கணினி முறைகளின் முன்னோடியாக இதைக் கொள்வது மிகையன்று.

பின்வந்த பொறிகள் மின்சாரத்தால் இயங்கின. 1928இல் பாரிஸின் லோன்ஷாம் திடலில் 273 விற்பனை முனைகள் கொண்ட பொறி அமைந்தது. லண்டன் ஹாரிங்கே நாய்ப் பந்தய அரங்கின் டோட் 1930 முதல் 1987 வரை உழைத்து, அதன் பகுதிகள் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. அமெரிக்காவில் ஹாரி ஸ்ட்ராஸின் மின் டோட் 1933இல் சிகாகோவை அடுத்த ஆர்லிங்டன் பார்க்கில் இயங்கியது.

1960களில் கணினிகள் பல்சக்கரங்களின் இடத்தைப் பிடித்தன. திடலுக்கு வெளியிலிருந்தும் பந்தயங்கள் வந்து குவிந்தன. அதே ஆர்லிங்டனில் 2002இல் நடந்த பிரீடர்ஸ் கோப்பையின்போது, ஆறு ஓட்டங்களின் வெற்றியாளர்களைக் கணிக்கும் பந்தயத்தில், டோட் நிறுவன நிரலாளர் ஒருவர் முதற்சில ஓட்டங்களின் முடிவு தெரிந்தபின் கூட்டாளியின் சீட்டைக் கணினிக்குள்ளேயே திருத்தியது கண்டறியப்பட்டது. நிறுத்திவைக்கப்பட்ட பரிசுத்தொகை, ஐந்து ஓட்டங்களைச் சரியாகக் கணித்திருந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.