படக்கல்லும் புலச்சிக்கல்லும்: கொச்சி நாட்டு நெடுங்கல் ஒன்றின் பெயராய்வு

கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவிலுள்ள பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தின் சுவரில் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லொன்று பதிக்கப்பெற்றுள்ளது. அது அக்கூடத்திற்கு உரியதன்று. கூடம் எழுந்தது 1568இல். கல்லோ, அருகிலுள்ள கொச்சங்காடியில் 1344இல் கட்டப்பெற்ற பழைய தொழுகைக்கூடத்தினது. வடக்கே சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டுக்குரிய எபிரேயக் கல்லறைக் கல்லொன்று சாரா என்னும் பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எழுத்துடைய கல் இடம் பெயர்ந்தாலும் தன் காலத்தை இழப்பதில்லை என்பதற்குக் கொச்சங்காடிக் கல்லே சான்று. எழுத்தில்லாத கல்லின் நிலை வேறு. அதற்கு நிற்கும் இடமும் ஊரார் வழங்கும் பெயருமே எஞ்சுகின்றன. அத்தகைய கல்லொன்று பழைய கொச்சி நாட்டின் வடபகுதியில், திருச்சூரை அடுத்த இராமவர்மபுரத்தில் உள்ளது. அதன் பெயர்கள் அதன் தோற்றம் குறித்து எவ்வளவு தொலைவு சான்றாக நிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மட்டாஞ்சேரியிலேயே இத்தகைய கல்லைத் தேடுதல் பயனற்றது. கடற்கரைக் கொச்சி மணலும் வண்டலும் படிந்து உருவான நிலம். 1341ஆம் ஆண்டுப் பெரியாற்றுப் பெருவெள்ளத்தோடு கொச்சித் துறைமுகத்தின் எழுச்சியை இணைத்துரைப்பது மரபு. பெருங்கற்படைச் சின்னங்கள் செம்புரைக்கல் மேடுகளும் அவற்றிடையே நெல்வயல்களும் விரவிய உள்நாட்டிற்கு உரியன. சேரமானங்காட்டுக் குடக்கல்லுப் பறம்பில் மட்டும் 69 சின்னங்கள் காணப்படுகின்றன. அரியன்னூரில் குடைக்கற்களும், சொவ்வன்னூர், காட்டகாம்பால் முதலிய ஊர்களில் குடைவரை ஈமக்குகைகளும் உள்ளன. பொற்களத்தில் 1948இல் பி. கே. தாபர் நிகழ்த்திய அகழாய்வு, கல்வட்டத்தினுள் புதைக்கப்பெற்ற தாழியை வெளிப்படுத்தியது. இராமவர்மபுரத்துக் கல் இக்குழுவைச் சார்ந்ததெனினும் அவற்றைப் போல் கூட்டமாக அமையாமல் தனித்து நிற்பது. கருங்கல்லாலாகிய அது ஏறத்தாழ 15 அடி உயரமும் 12 அடிக்கு மேற்பட்ட அகலமும் கொண்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதனை ஊரார் படக்கல்லு என்றும் புலச்சிக்கல்லு என்றும் வழங்குவர். கேரளத்தின் பிற நெடுங்கற்களுக்கும் இவ்விரு பெயர்கள் வழங்குவதுண்டு.

ஒரு கல்லுக்கு இரு பெயர் வழங்குதல் புதுமையன்று. ஆயின் இவ்விரண்டும் இருவேறு வரலாறுகளைச் சொல்கின்றன. ஒன்று போரை நினைவூட்டுகிறது. மற்றொன்று நிலத்தில் உழைத்த ஒரு பெண்ணை.

படக்கல்லு என்பதன் முற்பகுதி தமிழில் படை என நிற்பதே. மலை மல எனவும் தலை தல எனவும் மலையாளத்தில் ஈற்று ஐகாரம் அகரமாதல் இயல்பு. மலையாளத்தில் பட என்பது சேனையையும் போரையும் குறிப்பதால் இதனைப் போர்க்கல் எனக் கொண்டு, சங்க இலக்கிய நடுகல்லோடு இணைப்பது எளிது. எளிதாயிருப்பதே இதிலுள்ள இடர். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல்லின் நிலைகளைக் கூறுகிறது. இவற்றுள் நீர்ப்படை, பெரும்படை என்னும் ஈரிடத்தும் படை என்னும் சொல் போரைக் குறிக்கவில்லை. படைத்தல் என்னும் பொருளில் படையல் இன்றும் வழக்கிலுள்ளது. எனவே படக்கல்லு என்பது படையலிடும் கல்லாகவும் இருந்திருக்கலாம். ஒலி இடந்தருகிறது என்பதற்கு மேல் இதனை வலியுறுத்துதல் பொருந்தாது. போர்க்கல் என்னும் விளக்கத்திற்கும் அதே அளவு வலிமையே உண்டு என்பதே இங்கு வேண்டப்படுவது.

வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கா. ராஜன் குழுவினர் கண்டறிந்த தமிழ்ப் பிராமி நடுகற்கள் இவ்வாராய்ச்சியில் ஒரு தெளிவைத் தந்தன. அவற்றுள் ஒன்று ஆகோளில் இறந்தவனுக்கு எடுக்கப்பெற்றது. கல் என்னும் சொல்லும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. பெயரும் செயலும் எழுதப்பெற்ற அக்கற்களை வீரனுக்கு உரியனவாகக் கொள்வதில் ஐயமில்லை. எழுத்தும் உருவமும் அற்ற நெடுங்கல்லை அவற்றின் வரிசையில் வைக்கத் தனிச்சான்று வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கல்லையெல்லாம் நடுகல் எனல் தமிழாய்வில் வேரூன்றிவிட்ட பழக்கம். தமிழக ஊர்மக்கள் அதனைக் குத்துக்கல் என்று மட்டும் வழங்குவது ஒருவகையில் ஆய்வாளரினும் எச்சரிக்கையான வழக்கு எனலாம்.

இனிப் புலச்சிக்கல்லு. புலச்சி என்பது புலையர் குலப் பெண்ணைக் குறிக்கும். இக்குலப்பெயரை வயலைக் குறிக்கும் புலம் என்பதோடு இணைப்பாரும், தீட்டைக் குறிக்கும் புல என்பதோடு இணைப்பாரும் உளர். மலையாளத்தில் புல என்பது இன்றும் இறப்புத் தீட்டின் பெயர். புறநானூற்றின் 360ஆம் பாடலில் ஈமக்களத்தில் புல்லின்மேல் இட்ட சோற்றை உண்ணுமாறு ஏவுபவன் புலையன். ஈமச்சடங்கில் அவனுக்கிருந்த இடம் அதனால் விளங்குகிறது. ஈமச்சின்னமாகிய கல் புலையர் பெயரால் வழங்குவதை இதனோடு சேர்த்து எண்ணத் தோன்றும். ஆயின் சங்கப் பாடலுக்கும் இன்றைய ஊர்வழக்கிற்கும் இடையே பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. அதனைச் சொல்லொப்புமை ஒன்றால் கடத்தல் இயலாது.

அணுகிய காலத்தில் நின்று நோக்கின் இப்பெயர் வேறொரு செய்தியைத் தருகிறது. கொச்சி நாட்டில் நெல்வயலில் உழைத்த புலையர் நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஈடு வைக்கவும் பெற்ற அடிமைகள். அடிமைமுறை அந்நாட்டில் 1854இல் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது. அதன் பின்னரும் 1913இல் கொச்சிப் புலையர், கரையில் கூட்டம் கூட்ட இடமின்மையால், காயலில் தோணிகளைப் பிணைத்து அவற்றின்மேல் கூடினர். காயல் சம்மேளனம் எனப்படுவது அதுவே. நிலத்தில் நின்று பேசவும் இடமற்றிருந்த மக்களின் பெண்ணொருத்தி பெயரால் நிலத்தில் நிற்கும் பெருங்கல் ஒன்று அழைக்கப்படுவது சிறிய செய்தியன்று. கேரளத் தலவரலாறுகள் பலவற்றில் புல்லறுக்கும் புலையப் பெண் அரிவாள் தீட்டிய கல்லில் குருதி கசிந்து, அக்கல் தெய்வமென அறியப்படுகிறது. அக்கதைகளில் அப்பெண் கல்லைக் கண்டவளாக மட்டும் நின்று, கோயில் எழுந்ததும் மறைந்துவிடுகிறாள். இங்கோ கோயில் எழவில்லை. பெயர் அவளிடமே தங்கிவிட்டது.

பெண் பெயரால் கல் வழங்குதல் கேரளத்திற்கு மட்டும் உரியதன்று. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, கொங்கு நாட்டில், திருப்பூர் மாவட்டத்துக் குமரிக்கல்பாளையத்தில் 30 அடியளவு உயரமான நெடுங்கல் உள்ளது. ஊர்ப்பெயரே அக்கல்லால் அமைந்தது. குமரி, புலச்சி என்னும் இரண்டும் குலத்தாலும் நிலையாலும் வேறுபட்ட பெண்பாற் பெயர்கள். ஆயினும் வீரனை எதிர்பார்த்துச் செல்லும் ஆய்வாளர்க்கு இரண்டும் தரும் விடை ஒன்றே. சேரன் செங்குட்டுவன் இமயக் கல் கொணர்ந்தது கண்ணகி என்னும் பெண்ணுக்காகவே என்பதும் நினையத்தக்கது. இளங்கோ அதனைப் புறத்திணை நடுகல் மரபினுள் வைத்துப் பாடியுள்ளமையால், பெண்ணுக்குக் கல் நடுதல் மரபுக்குப் புறம்பானதாகக் கருதப்படவில்லை என்பது போதரும்.

இவற்றைக் கொண்டு இராமவர்மபுரத்துக் கல் ஒரு பெண்ணுக்கு நடப்பெற்றது என முடிவு கட்டுதல் தவறு. பெருங்கற்படைச் சின்னங்களுக்குப் பின்வந்தோர் தாமறிந்த பெயர்களையே இட்டனர். தமிழகத்தில் வாலியர் வீடு, கேரளத்தில் முனியறை என்பன அவ்வாறு வந்தவை. 1823இல் வெளிவந்த பாபிங்டனின் மலபார்க் கட்டுரை இச்சின்னங்களைப் பாண்டுக்குழி என்ற பெயராலேயே அறிமுகம் செய்தது. பாண்டவர்க்கும் அக்குழிகளுக்கும் தொடர்பில்லை. ஆயின் பாண்டவர் பெயரும் முனிவர் பெயரும் காவியத்தின் செல்வாக்கால் எங்கும் பரவக்கூடியன. புலச்சியின் பெயருக்கு அத்தகைய செல்வாக்கு ஏதுமில்லை. அது அவ்வூர் வயலும் வாழ்வும் தந்த பெயராதல் வேண்டும். ஆகவே படக்கல்லு என்பதினும் அதுவே ஊர் வரலாற்றிற்கு மிகுதியும் உரியது எனக் கொள்ளலாம்.

கல்லின் காலம் பெயராய்வால் அறியப்படுவதன்று. அது நட்ட குழியைச் சார்ந்தது. குழியினுள் கல்லை நிலைநிறுத்த இட்ட துண்டுக்கற்கள், அவற்றிடையே கிடக்கும் ஓடு, கரித்துண்டு, கடைசியாக வெயில் பட்ட காலத்தை ஒளிமிளிர்வு முறையால் கணிக்கவல்ல அடிமண் ஆகியவை அதற்குரிய சான்றுகள். நெடுங்கல்லின் கீழ் ஈமக்குழி இருந்தே தீரும் என்பதுமில்லை. நினைவுக்கென மட்டும் நட்டனவும் உண்டு. தொல்லியலார் செய்யவேண்டிய பணி அது. தமிழ், மலையாள ஆய்வாளர்க்கு உரிய பணி வேறு. கணவாயின் இருபுறத்தும் உள்ள நெடுங்கற்களின் பெயர்களை ஊர்தோறும், அவற்றை வழங்கும் குலத்தாரின் வாய்மொழியோடு தொகுத்தல் வேண்டும். புலச்சி என்னும் பெயரைப் புலையர் தாமும் வழங்குகின்றனரா, பிறர் மட்டுமே வழங்குகின்றனரா என்னும் வினாவிற்கு அத்தொகுப்பிலேயே விடை கிடைக்கும்.